ஆர்தர் சவரிமுத்துவின் வருடாந்திர ராஜினாமா

பினாங்குத் தீவில் ஆர்தர் சவரிமுத்துவைத் தெரியாதவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் இதுவரை யாரும் படுத்த படுக்கையாகவில்லை என்று அர்த்தம். நல்லதுதான், நன்றாக இருக்கட்டும். மற்றவர்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். 'இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்றால், ஏற்றி இறக்கும் கட்டில் வேண்டும், சக்கர நாற்காலி வேண்டும், மூச்சுக்கு ஆக்சிஜன் மெஷின் வேண்டும். கடையில் விலை கேட்டால் கேட்டவருக்கே மெஷின் தேவைப்படும். அப்போது யாராவது ஒருவர், "வீல்சேர் ஆர்தருக்கு போன் போடுலா" என்பார்.

ஆர்தர் வந்துவிடுவார். பழைய வெள்ளை வேன், முன்பக்கம் மாதா படம், பின்பக்கம் கட்டில். கட்டிலை இறக்கி, திருகாணி முடுக்கி, பிரேக் போடுவது எப்படி என்று அந்த வீட்டு மகனுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்து, இரவல் ஃபாரத்தை நிரப்பி வாங்கி, கொடுத்த கோப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்புவார். காசு வாங்க மாட்டார். "சங்கம் குடுக்குதுங்க, நான் வெறும் கருவி" என்பார். அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். எந்தக் கருவியும் அவ்வளவு பூரித்துப் போகாது.

துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்துக்குள் வந்ததே ஒரு சண்டையில்தான். அப்பா காலமான பிறகு இரவல் வாங்கிய சக்கர நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கப் போனவர், அதன் இடது பிரேக் சரியில்லை என்று அன்றைய தலைவரிடம் நெடுநேரம் வாதாடினார். அந்த மனுஷன் களைத்துப் போய், "அப்ப நீங்களே வந்து பாத்துக்குங்க சார்" என்றார். வேறு யாராக இருந்தாலும் கோபித்துக்கொண்டு போயிருப்பார்கள். ஆர்தர் மறுநாள் காலை ஸ்பேனரோடு வந்து நின்றார். அப்புறம் செயலாளர், அப்புறம் தலைவர். தலைவராகி எத்தனை காலம் ஆகிறது என்பது அவருக்கே மறந்துவிட்டது.

சங்கத்துக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. ஊரில் எல்லோருக்கும் அது வீல்சேர் சங்கம். லிட்டில் இந்தியாவில் மார்க்கெட் ஸ்திரீட்டை ஒட்டிய சந்தில் ஒரு பழைய கடைவீடு. கீழே சாமான் அறை, மாடியில் கூட்டம் நடக்கும் கூடம். பொருளாளர் வெள்ளையன், நாணயமாற்றுக் கடைக்காரர், கண்ணில் சட்டென்று நீர் வரும் ஆள். செயலாளர் சுலைஹா, மருத்துவமனையில் தாதியாக இருந்தவர், பேச்சு குறைவு. இவர்கள் மூவரும்தான் சங்கம் என்று சொன்னால் மற்ற உறுப்பினர்கள் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

இந்தச் சங்கத்தில் ஆர்தர் வருஷத்துக்கு ஒருமுறை ராஜினாமா செய்வார்.

ஆண்டுக் கூட்டத்தில் கணக்கு வாசித்து முடிந்ததும் மைக்கைப் பிடிப்பார். தொண்டையைச் செருமுவார். "நாற்காலி யாருக்கும் நிரந்தரம் இல்லைங்க. எனக்கும் வயசாச்சு. இனிமேலாவது என் டோரதிக்கு நான் நேரம் குடுக்கணும். என்னை விட்டுடுங்க" என்பார். கூடம் பதறும். வெள்ளையன் எழுந்து, "அதெல்லாம் முடியாது தலைவரே! நீங்க போனா பூட்டைப் போட்டுட்டுப் போக வேண்டியதுதான்" என்று கண்ணைத் துடைப்பார். சுலைஹா, "இன்னும் ஒரு வருஷம் மட்டும் அண்ணே" என்பார். ஆர்தர் தலையைக் குனிந்து, மனசில்லாதவர் போல நின்று, "சரி, உங்களுக்காக" என்பார். உடனே கைத்தட்டல். பிறகு ஜபருல்லா கடையிலிருந்து பிரியாணி வரும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி டோரதியும் மற்றவர்களோடு சேர்ந்து கைத்தட்டுவார்.

எல்லோருக்கும் இது பிடித்திருந்தது. கல்யாண வீட்டில் சாப்பாடு வேண்டாம் என்பதும், கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பதும் எப்படியோ அப்படித்தான். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. வேண்டாம் என்றவரை அப்படியே வீட்டுக்கு அனுப்பி வைத்தால்தான் வம்பு.

அந்த வம்பு அர்ச்சனா ரூபத்தில் வந்து சேர்ந்தது.

அர்ச்சனா முதுகலை மாணவி. அவள் படித்த பல்கலைக்கழகத்தில் புதிதாக ஒரு ஏற்பாடு. மாணவர்களை ஆளுக்கொரு தொண்டு சங்கத்தின் நிர்வாகக் குழுவில் ஓராண்டு உட்கார வைப்பார்கள். பேசலாம், கேள்வி கேட்கலாம், வேலை செய்யலாம். ஓட்டு மட்டும் கிடையாது. ஒரு சங்கத்தை எப்படி நிர்வகிக்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆண்டு முடிவில் அந்தச் சங்கத்துக்குப் பிரயோஜனமாக ஏதாவது ஒரு திட்டம் செய்து முடிக்க வேண்டும். இதைக் கேட்டதும் ஆர்தர் முதலில் முகம் சுளித்தார். "படிக்கிற புள்ளைங்க வந்தா கேள்வி கேப்பாங்க, ரொம்ப சூசாலா, பெரிய தலைவலி" என்றார். ஆனால் 'தலைமைத்துவத்தைக் கற்றுக்கொள்ள' என்று பேராசிரியர் சொன்னதாக வெள்ளையன் சொன்னதும் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கற்றுக்கொள்ள வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவது பாவமல்லவா?

அவள் முதல் கூட்டத்துக்கு வந்தாள். நீண்ட மேசையின் கடைசியில் மடிக்கணினியோடு உட்கார்ந்தாள். ஒவ்வொரு விஷயமாக ஆர்தர் வாசித்தார். "அப்ப சரிதானே?" என்று நிமிர்ந்து பார்த்தார். "சரி" என்றார்கள். அடுத்தது. "சரிதானே?" "சரி." எல்லாம் அதற்கு முந்தைய நாளே ஜபருல்லா கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டே முடிவானது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

அவள் கையைத் தூக்கி, "அங்கிள், வோட்டு எடுக்கலையா?" என்று கேட்டாள்.

வெள்ளையனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வோட்டா? நமக்குள்ள என்னம்மா சண்டை?"

அவள் எழுதிக்கொண்டாள். பிறகு இன்னொன்று கேட்டாள். "நம்மகிட்ட வீல்சேர் வாங்குறவங்க யாராவது இந்தக் கமிட்டியில இருக்காங்களா?"

"அவங்க எப்படிம்மா மாடி ஏறி வருவாங்க?" என்றார் வெள்ளையன். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. சுலைஹா வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். ஆர்தர், "நல்ல கேள்வி, ரொம்ப நல்ல கேள்வி" என்று சொல்லி அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

இருந்தாலும் அந்தப் பெண்ணை அவருக்குப் பிடித்துப் போயிற்று. காரணம் ஒன்றுதான். அவர் பேசினால் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். வீட்டில் டோரதிக்கு எல்லாக் கதையும் மனப்பாடம். பாதியிலேயே முடிவைச் சொல்லிவிடுவார். வெள்ளையனோ தன் கதையைத் தொடங்கிவிடுவார். ஆகவே கட்டில் இறக்கப் போகும்போதெல்லாம், "வர்றியாம்மா? இதெல்லாம் புத்தகத்துல கிடைக்காது" என்று அவளையும் வேனில் ஏற்றிக்கொண்டார்.

ஒருநாள் நிபோங் திபாலில் ஒரு எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குப் பக்கத்து வீட்டில் கட்டிலை இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். தீவுக்குத் திரும்பும் கடல் பாலத்தில் கடுமையான ஜேம். வேன் நகரவில்லை. அர்ச்சனா கேட்டாள்: "அங்கிள், நீங்க இல்லாட்டி இந்தச் சங்கத்தை யார் பாத்துக்குவாங்க?"

நல்ல மனுஷன் 'தெரியலம்மா' என்று சொல்லிவிட்டு ரேடியோவைப் போட்டிருக்கலாம். ஆர்தருக்கு அவ்வளவு எளிதாகப் பதில் சொல்லிப் பழக்கமில்லை.

"நான் என்னம்மா பண்ணுவேன்? ஒவ்வொரு வருஷமும் விட்டுடுறேன், விட்டுடுறேன்னுதான் சொல்றேன். யாரு விடுறாங்க? கையையும் காலையும் கட்டிப் போட்டிருக்காங்க. டோரதிக்கு வேளாங்கண்ணி போகணும்னு எவ்வளவு நாளா ஆசை தெரியுமா? புக்கிட் மெர்தாஜாம் செயிண்ட் ஆன் திருவிழாவுக்குக்கூட பக்கத்து வீட்டுக்காரங்களோடதான் போறா. நான் ஒரு கைதிம்மா. அன்புக் கைதி" என்றார். அன்புக் கைதி என்ற வார்த்தை அவருக்கே மிகவும் பிடித்துவிட்டதால் இன்னொரு தடவையும் சொன்னார். கண்கூட லேசாகக் கலங்கிற்று. மற்றவர்களை நம்பவைப்பதற்கு முன்னால் தன்னை நம்பவைத்துவிடும் ஆள் அவர்.

அர்ச்சனா போனில் ஏதோ குறித்துக்கொண்டாள். தலைவர் பதவி போனது அந்த இடத்தில்தான், கடலுக்கு மேலே, லாரிகளுக்கு நடுவில். ஆர்தர் அதைக் கவனிக்கவில்லை. ஜேம் குறைந்ததும் உற்சாகமாக ஹாரன் அடித்தார்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. செட்டியார் வீட்டுப் பிள்ளை. கொடுக்கல் வாங்கல் குடும்பம். அவள் வளர்ந்த வீட்டில் ஒருவர் ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். பெரியவர் ஒருவர் கண்கலங்கி, என்னை விடுவித்தால் போதும் என்கிறார். அவளோ ஆண்டு முடிவுக்கு ஒரு திட்டம் தேடிக்கொண்டிருக்கிறாள். பேராசிரியரிடம் போய், தலைமை மாற்றத் திட்டம் ஒன்று செய்யப்போகிறேன் என்றாள். அவர் மகிழ்ந்து போனார். எந்தச் சங்கத்திலும் யாரும் செய்யத் துணியாத வேலை என்றார். அதற்கான காரணத்தையும் அவர் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தாள். ஆர்தருக்குத் தெரிய வேண்டாம், கூட்டத்தில் இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்பது அவள் எண்ணம். "ஆர்தர் அங்கிள் என்கிட்ட மனசு விட்டுச் சொன்னார். அவரால முடியலையாம். உங்ககிட்ட சொல்லச் சங்கடப்படுறார்" என்றாள்.

இங்கேதான் நம் ஆட்களின் கோளாறு. மைக் முன்னால் நின்று ஊரறியச் சொன்னால் அது மரியாதைக்குச் சொன்னது; யாரும் நம்ப மாட்டார்கள். அதையே மூன்றாம் ஆளிடம், வேனுக்குள், கண்கலங்கச் சொன்னதாகக் காதில் விழுந்தால் அது சத்தியம். இத்தனை வருஷமாக மேடையில் சொல்லிச் சொல்லி நம்பவைக்க முடியாத ஒன்றை அர்ச்சனா ஒரு வாரத்தில் நம்பவைத்துவிட்டாள். வெள்ளையன் கடையிலேயே உட்கார்ந்து அழுதார். "பாவம் அண்ணன், நாமதான் புரிஞ்சுக்காம கொடுமைப்படுத்திட்டோம்" என்றார். முடியலையாம் என்ற சொல், வாய் மாறி வாய் போய், உடம்புக்கு முடியலையாம் என்று ஆயிற்று.

டோரதியிடம் கேட்காமல் செய்யலாமா? ஆர்தர் செபராங் ஜெயாவுக்குக் கட்டில் இறக்கப் போயிருந்த ஒரு மதியம் அர்ச்சனா அவர் வீட்டுக்கும் போனாள். டோரதி முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். அன்புக் கைதி என்ற வார்த்தை வந்தபோது கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"செய்ம்மா, நல்லா செய்" என்றார்.

இதெல்லாம் ஆர்தருக்குப் பிறகுதான் தெரியும். அந்த நாள்களில் அவருக்குத் தெரிந்ததெல்லாம், உலகம் திடீரென்று தன்னிடம் பணிவாக நடந்துகொள்கிறது என்பதுதான். கட்டிலின் ஒரு முனையைப் பிடிக்கப் போனால் "விடுங்க தலைவரே, நீங்க நில்லுங்க" என்று இரண்டு பேர் ஓடிவந்தார்கள். ஜபருல்லா ஆட்டுக்கால் சூப்பைக் கட்டிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்தார். வெள்ளையன் பேசும்போது பேச்சை நிறுத்தி அவர் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அவர் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றது.

ஆர்தர் இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தார். விடை ஒன்றாகத்தான் வந்தது. ஏதோ பெரிதாகச் செய்யப் போகிறார்கள். மாநில விருதுக்குப் பெயர் கொடுத்திருப்பார்களோ? இல்லை, ஆயுட்காலத் தலைவர் என்று அறிவிக்கப் போகிறார்களோ?

"டோரதி, இந்த வருஷம் கூட்டம் வேற மாதிரி இருக்கும்போல இருக்கு" என்றார், காற்றில் மிதந்துகொண்டு.

"அப்படித்தான் இருக்கும்" என்றார் டோரதி, அவருடைய புது பாத்தேக் சட்டையை இஸ்திரி போட்டபடி.

கூட்டத்தன்று கூடம் நிறைந்திருந்தது. வழக்கமாக வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். பின்னால் ஒரு மேசையில் எதையோ துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். ஆர்தர் அதைப் பார்க்காதவர் மாதிரி பார்த்தார். கேடயமாக இருக்க வேண்டும், சற்றுப் பெரியது. வெள்ளையன் கணக்கு வாசித்தார். அர்ச்சனா ஓரத்தில் பட்டுச் சேலையில், முகம் முழுக்க மகிழ்ச்சியோடு உட்கார்ந்திருந்தாள்.

ஆர்தர் மைக்கைப் பிடித்தார். அன்றைக்கு அவர் வாழ்க்கையிலேயே இல்லாத அளவுக்குச் சிறப்பாக ராஜினாமா செய்தார். குரல் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கியது. நாற்காலி நிரந்தரம் இல்லை என்றார். டோரதியின் பக்கம் கையை நீட்டினார். "என்னை விட்டுடுங்க" என்று முடித்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

கூடம் பதறவில்லை.

குனிந்த தலையோடு அவர் காத்திருந்தார். வெளியே துணிக்கடைப் பாட்டு கேட்டது. பிறகு ஒரு மூலையில் யாரோ கைத்தட்ட ஆரம்பித்தார்கள். அது பரவிற்று. எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள், சிலர் அழுதுகொண்டே. வெள்ளையன் எழுந்தார். ஆர்தருக்கு உயிர் வந்தது. அப்பாடா, இதோ ஆரம்பிக்கப் போகிறான்.

"தலைவரோட மனசைப் புரிஞ்சுக்காம இத்தனை வருஷம் நாம கட்டிப் போட்டுட்டோம்" என்றார் வெள்ளையன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அவரோட ராஜினாமாவை நன்றியோட ஏத்துக்கணும்னும், சுலைஹா அக்காவைத் தலைவராப் போடணும்னும் முன்மொழியறேன்."

பின்னால் துணியை விலக்கினார்கள். கேக். மேலே சர்க்கரையில் ஒரு சக்கர நாற்காலி, அதில் யாரும் இல்லை.

ஆர்தர் பேயறைந்த மாதிரி நின்றார். சிரிக்க வேண்டும் என்று தெரிந்தது, வாய் ஒத்துழைக்கவில்லை. காலையில் எழுந்தால் போன் வரும், வேனை எடுத்தால் ஒரு வீடு காத்திருக்கும், கடைத்தெருவில் நடந்தால் 'தலைவரே' என்று கூப்பிடுவார்கள். இது இல்லாவிட்டால் அவர் யார்? துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு கிழவர். அவ்வளவுதான். நெஞ்சுக்குள் வலித்தது, நிஜமாகவே வலித்தது.

"அங்கிள், இந்தத் தடவை வோட்டு எடுத்துடலாம். மினிட்ஸ்ல போடணும்" என்றாள் அர்ச்சனா, சந்தோஷமாக. "நீங்கதான் இன்னும் தலைவர். நீங்கதான் கேக்கணும்."

தன்னை அனுப்பி வைக்கும் ஓட்டைத் தானே கேட்க வேண்டும். சங்கத்தின் வரலாற்றிலேயே முதல் ஓட்டு.

பக்கத்தில் நின்ற வெள்ளையன் அப்போதுதான் அவர் முகத்தை நன்றாகப் பார்த்தார். பழகிய முகம், ஒரே பார்வையில் எல்லாம் விளங்கிவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு காதருகே குனிந்தார். "அண்ணே! அப்ப நெசமா சொல்லலையா? ஐயோ! ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே ஆட்சேபம் பண்றேன். மாத்திடலாம்லா!"

மாற்றிவிடலாம், உண்மைதான். ஒரு வார்த்தை போதும். கூடம் ஆனந்தமாகப் பதறும். ஆர்தர் நிமிர்ந்து பார்த்தார். சுலைஹா ஒரு காகிதத்தைப் பிரித்துக் கையில் வைத்திருந்தார். இத்தனை வருஷம் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்த அந்த அம்மா ஏதோ பேசத் தயாராகி வந்திருக்கிறார்.

"ஆதரிக்கிறவங்க," என்றார் ஆர்தர். மைக்கை நேராக்கினார். "கையைத் தூக்குங்க."

யோசித்து யோசித்துத்தான் கைகள் எழுந்தன. அவரை நோகடிக்கிறோமோ என்று பாதிதான் தூக்கினார்கள். முழுசாக, நேராக, தயக்கமே இல்லாமல் உயர்ந்து நின்ற கை முன்வரிசையில் ஒன்றே ஒன்று. டோரதியின் கை.

ஆர்தருக்குத் தெரியும். ஊரே ஏமாறலாம், அர்ச்சனா ஏமாறலாம்; டோரதிக்குத் தன் புருஷன் மைக் முன்னால் சொல்வது எது, மனதில் நினைப்பது எது என்று தெரியாமல் இருக்காது. தெரிந்துதான் தூக்கியிருக்கிறார். டோரதியும் இந்தச் சங்கத்தின் உறுப்பினர்தான். இத்தனை வருஷம் இந்தக் கூடத்தில் அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்டார்கள், பதில் சொல்லிவிட்டார்.

வெள்ளையன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "அண்ணே, சொல்லட்டுமா?"

"சும்மா இருப்பா" என்றார் ஆர்தர். பிறகு தன் கையைத் தூக்கினார். கொஞ்சம் கனமாக இருந்தது, ஆனால் தூக்கிவிட்டார்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. சுலைஹா காகிதத்தைப் பார்த்து வாசித்தார். இனி கூட்டங்கள் கீழேதான், சாமான் அறையை ஒதுக்கி இடம் செய்யலாம், சக்கர நாற்காலியில் வருகிற இரண்டு பேரைக் குழுவில் சேர்க்க வேண்டும். எல்லோரும் உடனே சரி என்றார்கள். இதற்கு யாராவது மறுப்பு சொல்வார்கள் என்று ஆர்தர் காத்திருந்தார், யாரும் சொல்லவில்லை. கேக்கை வெட்டியவரும் ஆர்தர்தான்.

அர்ச்சனா தட்டோடு வந்து நின்றாள். "சந்தோஷமா அங்கிள்?"

வெள்ளையன் பேச வாயெடுத்தார். ஆர்தர் ஒரு துண்டு கேக்கை எடுத்து அந்த வாயில் திணித்தார். "ரொம்ப சந்தோஷம்மா" என்றார். "உங்க ப்ரொஃபசர்கிட்ட சொல்லு, ஃபுல் மார்க் குடுக்கச் சொல்லி." அன்றைய நடிப்பிலேயே சிறந்தது இதுதான்; ஆனால் இதற்கு யாரும் கைத்தட்டவில்லை.

தெருவில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. வேனைத் தள்ளித்தான் நிறுத்தியிருந்தார். வழக்கமாகக் கூட்டம் முடிந்து போகும்போது இரண்டு பக்கமும் ஆட்கள் பேசிக்கொண்டே வருவார்கள். டோரதி பின்னால் எங்கோ வருவார். இன்றைக்கு எல்லோரும் மாடியில் சுலைஹாவைச் சுற்றி நின்றார்கள். கடைகளின் முன்புற நடைபாதையில் இவர்கள் இருவர் மட்டும் நடந்தார்கள்.

"நீயும் கையைத் தூக்கின" என்றார் ஆர்தர்.

"தூக்கினேன்."

"எனக்கு விட மனசில்லைன்னு உனக்குத் தெரியும்தானே?"

"எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?" டோரதி மூச்சு வாங்கப் பேசினார். "வருஷா வருஷம் மைக்கைப் புடிச்சிக்கிட்டு, என் டோரதிக்கு நேரம் குடுக்கணும்பீங்க. எல்லாரும் திரும்பி என்னைப் பாப்பாங்க. நானும் சிரிப்பேன். அப்புறம் நாலு பேரு கெஞ்சுவாங்க, குடுத்த நேரத்தை அங்கேயே திருப்பி வாங்கிக்குவீங்க. அசிங்கமா இருக்கும்ங்க எனக்கு. ஒரு வருஷமாவது அது நெசமா இருக்கட்டும்னு தூக்கினேன்."

ஆர்தர் திரும்பிப் பார்த்தபோதுதான் டோரதி பக்கத்தில் இல்லை என்பது தெரிந்தது. நாலடி பின்னால் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அந்த நடைபாதை கடைக்குக் கடை ஒரு உயரம். ஒரு கடை வாசலில் ஏற வேண்டும், அடுத்ததில் இறங்க வேண்டும். டோரதி தூணைப் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி, முதலில் ஒரு காலை இறக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த காலை இறக்கினார். பிறகு அடுத்த தூணுக்குக் கையை நீட்டினார்.

"முட்டியா?"

"முட்டிதான்."

"எப்பலேருந்து?"

"ரொம்ப நாளா."

"ஏன் சொல்லல?"

"சொன்னேனே. ஸ்டோர்ல நல்ல கைத்தடி ஒண்ணு வந்திருக்கு, எடுத்துட்டு வரேன்னு சொன்னீங்க. அப்புறம் நிபோங் திபால்ல ஒரு அம்மா ரொம்பக் கஷ்டப்படுறாங்கன்னு அவங்ககிட்ட குடுத்துட்டு வந்தீங்க. வந்து எனக்கு அந்தக் கதையையும் சொன்னீங்க." டோரதி சிரித்தார். "நல்ல கதைதான்."

வீடு வீடாகப் போய் நடக்க முடியாதவர்களைத் தேடிய மனுஷனுக்கு அந்த இடத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. பதவி போனபோது வலித்ததைவிட இது அதிகமாக வலித்தது. திரும்பி நடந்துபோய் டோரதியின் அருகில் நின்று கையை மடக்கி நீட்டினார்.

"புடிச்சுக்க."

டோரதி அந்தக் கையை மேலும் கீழும் பார்த்தார். "ஃபாரம் ஏதும் நிரப்பணுமா?"

"போதும் டோரதி."

டோரதி பிடித்துக்கொண்டார். நல்ல கனம். இருவரும் அடுத்த கடையைத் தாண்டினார்கள். எதிர்ப்புறத்து நகைக்கடையிலிருந்து யாரோ, சேதி இன்னும் எட்டாத யாரோ, "தலைவரே!" என்று உரக்கக் கூப்பிட்டார்கள். ஆர்தரின் தலை தானாகத் திரும்பியது. கை இழுபட்டு டோரதி ஒரு பக்கம் சாய, சட்டென்று இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தார்.

"தலைவரே! அண்ணே!" மறுபடியும் குரல் வந்தது.

"உங்களைத்தான் கூப்பிடுறாங்க" என்றார் டோரதி.

"கூப்பிடட்டும்" என்றார் ஆர்தர், தரையைப் பார்த்தபடி. "இங்க ஒரு படி இருக்கு. பாத்து வை."